உப்புப் பார்த்த நாள்

அத்தியாயம் பதினாறு

பால் பொங்கிக் கரிந்து, புகை கூடம் வரை பரவிய பின்னும், அடுப்புக்கு அருகிலேயே அமர்ந்திருந்த கேசவ் தலை நிமிரவில்லை. சென்ற வாரம் ரமாவின் கண்ணில் பட்ட காட்சி அது. பெற்றவள் கேட்டாள், பிள்ளை மறைக்கவில்லை. ஆவணியில் வந்த காய்ச்சல் அவனை விட்டு நீங்கும்போது அவனுடைய மணவுணர்வையும் சுவையுணர்வையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. நரம்பு என்றார் வைத்தியர். திரும்பி வரலாம் என்றார். வராமலும் போகலாம் என்றார். அன்று தொட்டுக் கேசவுக்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிட்டன.

வேறு தொழில் செய்பவனுக்கு இது ஒரு குறை, அவ்வளவே. கேசவ் சமையல்காரன்.

கோரமங்கலா முடிந்து ஈஜிபுரா தொடங்கும் தெருவில் அவன் சமைக்கும் மதுக்கூடத்துக்குக் கன்னடத்தில் ‘சரிபாலு’ என்று பெயர். சமபங்கு என்பது பொருள். பீர் அங்கேயே காய்ச்சப்படுகிறது. அது ஜாய்சனின் பொறுப்பு. உணவு கேசவின் பொறுப்பு. குடிக்க வந்தவர்கள் கொறிப்பதற்கு எதையோ பொரித்துக் கொடுக்கும் இடமன்று அது. ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்றே ஆக்கிய ஓர் உணவு உண்டு. ஒன்றில்லாமல் மற்றது நிறைவடையாது என்பதே அந்த இடத்தின் நெறி. அந்த நெறியில் மனம் வைத்துத்தான் அவன் மனைவி சுப்ரியா எலெக்ட்ரானிக் சிட்டி வேலையை உதறிவிட்டு வந்து, வருகிறவர்களை அமர்த்திப் பரிமாறும் பொறுப்பை ஏற்றாள். ‘உன் நாக்கை நம்பி வரேன்’ என்று அன்று அவள் சொன்ன சொல்லைக் கேசவ் தாயிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினான். ஆகையால் அவளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது என்றான். தாயிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் கஸ்தூரிரங்கன் வருவதாக இருந்தார். கட்டடமும் முதலும் அவருடையவை. ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது என்று வந்தவர்கள் முணுமுணுப்பதைச் சில மாதங்களாகக் கேட்டுப் பொறுத்துப் பார்த்தார். இனிப் பொறுப்பதற்கில்லை. மூன்று பீர், மூன்று உணவு. தாமே உட்கார்ந்து உண்பதாகச் சொல்லிவிட்டார். நன்றாக இருந்தால் எல்லாம் பழையபடி. இல்லையேல் அடுக்களைக்குப் பூட்டு. உறைந்து வரும் உருளைக்கிழங்குத் துண்டுகளை எண்ணெயில் போட்டெடுக்க ஓர் ஆள் போதும்.

“அன்னிக்கு ஒரு நாள் நீ எனக்கு நாக்கா இருக்கணும்மா” என்றான் கேசவ்.

ரமா சரி என்றாள். எதற்குச் சரி என்றோம் என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

மார்கழிச் சனிக்கிழமை. மல்லேஸ்வரத்து வீட்டில் விடியுமுன்பே பாசுரம் சொல்லி முடித்து, பொங்கல் தளிகை செய்து, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணியாயிற்று. சுப்ரியாவைப் பார்த்து வருவதாகக் கணவரிடம் சொன்னாள். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று. அரசுப் பணியில் ஓய்வு பெற்று, செய்தித்தாளின் ஒரு வரியையும் விடாமல் படிக்கும் அனந்தபத்மநாபன், பிள்ளை வேலை செய்யும் இடத்தின் பெயரை அதுவரை வாயால் சொன்னதில்லை. மருமகளுக்குக் கொஞ்சம் பொங்கல் எடுத்துப் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆட்டோக்காரர் கைப்பேசியில் இடத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய நெற்றியைப் பார்த்தார். “இதேனாம்மா, கரெக்டா?” என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். மகன் அங்கே அடுக்களையில் இருக்கிறான் என்று ரமா கன்னடத்தில் விடை சொன்னாள். ஊரின் பாதியைக் கடந்து, கட்டி முடியாத மேம்பாலத் தூண்களின் நிழலில் ஊர்ந்து வண்டி போய்ச் சேர்ந்தது.

நாற்றம் அடிக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ள முந்தானையைக் கூடக் கையில் எடுத்துவிட்டாள். உள்ளே சத்துமாவுக் கஞ்சி கொதிக்கும் மணம் வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆளுயரத்தைக் கடந்த எவர்சில்வர் கலங்கள் திருவிழாக் காலத்து அண்டாக்களைப் போல் பளபளத்து நின்றன. சந்தாபுராவிலிருந்து தினமும் வருகிற ஜாய்சன், கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, வாங்கம்மா என்று கும்பிட்டான். சுப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் இந்தப் படியை மிதிப்பாள் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை.

“அப்பாவும் வராரா?”

“இல்லடீ. கேசவன் கூப்பிட்டான். ஒத்தாசைக்கு.”

ஒத்தாசை என்றதும் சுப்ரியா சிரித்துவிட்டாள். முக்கியமான நாளில் பிள்ளைக்குத் தாய் நினைவு வந்துவிட்டது என்று கேலி செய்தாள். பொங்கலை அங்கேயே நின்றபடி இரண்டு வாய் உண்டாள். உண்டபோதும் அவள் கண் வாயிற்பக்கமே இருந்ததை ரமா பார்த்தாள்.

*

கேசவ் மூன்று உணவையும் தாய்க்காகவே தேர்ந்திருந்தான். அவள் நாவில் படவேண்டுமே என்று வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கியிருந்தான். கோதுமை பீருக்கு மிளகு போட்டுப் புரட்டிய அவரைப்பருப்பு. கசப்பு மிகுந்த பொன்னிற பீருக்குக் கறிவேப்பிலைப் பொடி தூவி முறுக வறுத்த சேப்பங்கிழங்கு. கருப்பு பீருக்குப் புளிக்காய்ச்சல் பூசித் தணலில் சுட்ட பலாக்காய்.

முதல் வாணலியை அவள் முன் நகர்த்தி ஒரு கரண்டியை நீட்டினான். ரமா குனிந்து, ஆவியை உள்ளிழுத்து, நிமிர்ந்தாள். மிளகு தெரிகிறது, உப்பு இருக்கிறது என்றாள்.

“வாயில போட்டுப் பாரும்மா.”

“மணத்துலயே தெரியறதேடா.”

“நாலு மாசமா நானும் கையளவையும் கண்ணளவையும் வெச்சுத்தான் ஓட்டிண்டிருந்தேன். அதனாலதான் இன்னிக்கு இந்த நிலைமை.”

புக்ககம் வந்த நாள் முதலாகப் பெருமாள் அமுது செய்யுமுன் ஒரு பருக்கையை அவள் நாவில் இட்டதில்லை. உப்பின் அளவைக் கொதியின் மணமும் விரல் நுனியும் சொல்லும். நாக்குக்கு அங்கே வேலை கிடையாது. முதலில் சுவைப்பவன் அவன்; அவன் சுவைத்த மிச்சமே தனக்கு என்பது அவளுக்கு விரதம் அல்ல, மூச்சு. இங்கேயோ கண்டருளப் பண்ணுவதற்குப் பெருமாளும் இல்லை. உண்ண வருகிறவரும் பெருமாள் இல்லை. அப்படி இருந்தும் கரண்டி உதட்டருகே வந்தபோது அவளுடைய கை ஒரு கணம் நின்றது. பொறுத்தருள் என்று மனத்துக்குள் ஒரு விண்ணப்பம் செய்துவிட்டு, வாயில் இட்டாள்.

“பீருக்குப் போறதும்மா. கொஞ்சம் தூக்கலாவே இருக்கணும்” என்றான் கேசவ்.

ரமா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மிளகு நெஞ்சைப் பிடிக்கிறது, துளி நெய் விடு என்றாள். உப்பு ஒரு சிட்டிகை கூட்டச் சொன்னாள். அவள் அறிந்த தூக்கல் அதுதான். சேப்பங்கிழங்கில் காரம் முந்துகிறது, எலுமிச்சம்பழம் பிழி என்றாள். பலாக்காயில் புளிப்பு துருத்துகிறது, வெல்லம் சேர் என்றாள். அறுசுவையும் ஒன்றையொன்று மீறாமல், ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும் வரை அவள் விடவில்லை. அவள் சொன்னதையெல்லாம் கேசவ் அப்படியே செய்தான். சிறுவயதில்கூட அவன் இவ்வளவு பணிந்ததில்லை. ஈஜிபுராவிலிருந்து வரும் அசோகன், காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு துண்டு கிழங்கை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். “அம்மா கை பட்டுருச்சு கேசவண்ணா. இனி கவலை இல்ல” என்றான்.

அந்த அரை நாழிகை ரமா உவகையோடு இருந்தாள். பிற்பாடு நினைக்கும்போது அவளால் தாங்க முடியாமல் போனது அந்த உவகையைத்தான்.

*

கஸ்தூரிரங்கன் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உடையவர். உண்ணும்போது பேசமாட்டார். அடுக்களைக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது; அதன் வழியே ரமா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பீரை ஒரு மிடறு குடித்தார். அவரைப்பருப்பை ஒரு வாய் உண்டார். மறுபடி குடித்தார். மறுபடி உண்டார். பிறகு தட்டைச் சற்றே விலக்கி வைத்தார். முகத்தில் சினம் இல்லை. இல்லாத ஒருவரைத் தேடுகிறவரின் முகம் அது.

சுப்ரியா தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பாதிக்குமேல் மிச்சம். அதை வைத்துவிட்டுச் சேப்பங்கிழங்கை எடுத்துப் போனாள். அது இன்னும் விரைவாகத் திரும்பி வந்தது. இந்த முறை ஜாய்சனும் பின்னாலேயே வந்தான். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தவன், கேசவைப் பார்த்துத் திகைத்தான்.

“என்னாச்சு உனக்கு? உப்பே ஏறலையே.”

கேசவ் தாயைப் பார்த்தான்.

“நான்தான் பாத்தேன்ப்பா” என்றாள் ரமா. “சரியாத்தான் இருந்தது.”

ஜாய்சன் இன்னொரு துண்டைக் கடித்தான். அவனுக்குப் பொய் சொல்லவும் மனமில்லை. மெய் சொல்லவும் மனமில்லை. வெறுமே உண்டால் அருமை என்றான். சாதத்தோடு கொடுத்தால் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு சாப்பிடுவேன் என்றான்.

“ஆனா பீர் ஒரு வாய் குடிச்சிட்டு சாப்பிடுங்கம்மா, வெறும் மாவு மாதிரி ஆயிருது. அந்தக் கசப்பு நாக்குல குந்திக்கினு எழுந்திருக்காது. அதைத் தள்ளிட்டு உள்ள வரணும்னா உப்பு, காரம், புளிப்பு எல்லாம் முட்டிக்கினு நிக்கணும். கேசவுக்கு இது தெரியாததா?”

வெளியே அவனை அழைத்தார்கள்; போய்விட்டான்.

மிளகின் மேல் விடச் சொன்ன நெய்யும், காரத்தின் மேல் பிழியச் சொன்ன எலுமிச்சையும், புளிப்பின் மேல் போடச் சொன்ன வெல்லமும் ஒவ்வொன்றாக ரமாவின் நினைவில் வந்து நின்றன. பிள்ளையின் கையில் இருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே வைத்தவள் அவளேதான்.

“இன்னும் எவ்வளவு ஏறணும்?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. அளவெல்லாம் எழுதி வெச்சு நான் பண்ணினதே இல்ல. குடிச்சுட்டு வாயில போட்டா நாக்கு சொல்லும். அது இப்போ பேச மாட்டேங்கறது.”

மூன்றாவது உணவுக்காக ஊற்றிய கருப்பு பீர், கண்ணாடிக் குவளையில் நுரை தளும்ப மேடைமேல் இருந்தது. ரமா அதை எடுத்தாள்.

“வேண்டாம்மா” என்றான் கேசவ். “மார்கழி.”

அவள் குடித்தாள்.

கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் கீழே வைக்கவில்லை. வாயில் அந்தக் கசப்பு இருக்கும்போதே பலாக்காயை எடுத்து இட்டாள். ஜாய்சன் சொன்னது மெய்தான். அவள் பார்த்துப் பார்த்துப் பதப்படுத்திய உணவு, பெருவெள்ளத்தில் இட்ட கோலமாய்ச் சுவடின்றிப் போயிற்று. உப்பு என்றாள். இன்னும் என்றாள். மிளகாய்ப் பொடி, வறுத்தரைத்த எள், மறுபடி உப்பு. மறுபடி ஒரு மிடறு, ஒரு துண்டு. அவள் கையே தயங்கிய அளவுக்கு உப்பு ஏறிய பிறகு, கசப்பு சட்டென்று பின்வாங்கி வழிவிட, புளியும் எள்ளும் நாவில் எழுந்து நின்றன. எதற்காகத் தன் பிள்ளை இத்தனை ஆண்டுகளை இந்த அடுக்களையில் கழித்தான் என்று அந்தக் கணத்தில்தான் ரமாவுக்கு விளங்கியது.

“இதுதான்” என்றாள். “இதுதாண்டா.”

அசோகன் தட்டை அடுக்கிக்கொண்டிருக்கையில் சுப்ரியா உள்ளே வந்தாள். தட்டை வாங்கக் கையை நீட்டவில்லை.

“மூணாவது வேண்டாமாம். கை அலம்பிண்டுட்டார்.”

*

ரமா தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நடை சாத்திய பிறகு நிவேதனத்தோடு வந்து நிற்பவளைப் போல் மேசையருகே நின்றாள். கஸ்தூரிரங்கன் பதறி எழுந்துவிட்டார். அனந்தபத்மநாபனின் மனைவியை அவருக்கு நெடுநாளாகத் தெரியும். இந்த இடத்தில் காண்போம் என்று எண்ணியிருக்கவில்லை.

“மாமி, நீங்களா?”

“ஒரு வாய் மட்டும். இது சரியா இருக்கு. நான் பாத்தேன்.”

பேசும்போது அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார்; கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கவனித்ததாகக் காட்டாத அந்தப் பண்பு அவளை வாளால் வெட்டியது போல் இருந்தது.

“ரெண்டும் கோயில் பிரசாதம் மாதிரி இருந்தது மாமி. மனசாரச் சொல்றேன். ஆனா இது கோயில் இல்லையே.”

“இதை மட்டும் பாருங்கோ.”

“இது நன்னாத்தான் இருக்கும்” என்றார் அவர். “நாலு மாசமா இப்படித்தான். பத்து நாள் கெட்டுப்போகும். விட்டுடலாம்னு நெனச்சுண்டு வருவேன். அன்னிக்குன்னு பாத்து ஒரு வாய் அமிர்தமா இருக்கும். மனசு மாறிடும். அதனாலதான் இன்னிக்குச் சாப்பிட மாட்டேன்னு வெச்சுண்டேன்.”

அதற்கு மேல் அவர் சொன்னவை எல்லாம் சுருக்கம். திங்கள்கிழமை முதல் அடுக்களை வேண்டாம். ஜாய்சன் இருக்கட்டும். கேசவ் நல்ல பிள்ளை. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். கைகூப்பிவிட்டு அவர் வாயிலை நோக்கி நடந்தார். தட்டிலிருந்து எழுந்த ஆவி சிறிது சிறிதாக அடங்கியது.

எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்ற சொல் அவளை விட்டு நீங்க மறுத்தது. எங்கே போவான்?

*

அடுக்களையில் தீயை அணைத்துவிட்டார்கள். அசோகனும் மற்றவர்களும் பின்வாசலில் நின்றார்கள். கேசவ், தாய் குடித்து மீந்த குவளையைப் பார்த்தபடி மேடையில் சாய்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தவுடன் அவனுக்கு விளங்கிவிட்டது. வேறொன்றைத்தான் கேட்டான்.

“எப்படி இருந்ததும்மா?”

“எதுடா?”

“அது.”

ரமா குவளையைப் பார்த்தாள். வாய்க்குள் அது இன்னும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையிடம், பாடம் ஒப்பிக்கும் குழந்தையைப் போல் மெல்லச் சொன்னாள்.

“முதல்ல காப்பி டிகாக்‌ஷன். பாலும் விடாம சர்க்கரையும் போடாம. அப்பறம் வெல்லப்பாகு பதம் தப்பிக் கரியும் பாரு, அந்த வாசனை. முழுங்கினப்பறம் நாக்கு ஓரமாப் பிடிச்சுக்கறது. நாவப்பழம் தின்னா பிடிச்சுக்குமே, அப்படி.”

“நாவப்பழம்” என்றான் கேசவ். “ஆமா. அது இருக்கு. ஜாய்சன் இல்லேம்பான். இருக்குன்னு நான்தான் சண்டை போடுவேன்.”

குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தான். காத்திருந்தான். முகத்தில் எதுவும் வரவில்லை. குவளையை வைத்துவிட்டு, வெறும் தண்ணி என்றான்.

கதவருகே சுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்பது இருவருக்கும் தெரியாது. முழுவதையும் கேட்டவளின் முகம் அது.

“ஆவணியில வந்த காய்ச்சலா?” என்றாள்.

கேசவ் தலையசைத்தான்.

அவள் கத்துவாள் என்று ரமா எதிர்பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சுப்ரியா இரண்டும் செய்யவில்லை.

“தினம் அந்தத் தட்டையும் இந்த கிளாஸையும் சேத்து வெச்சுண்டு சாப்பிடறவ இங்க நான் ஒருத்திதான். என்னைக் கேட்டிருக்கலாமே கேசவ். கதவுக்கு அந்தப் பக்கம்தானே நின்னுண்டிருந்தேன்.”

சத்தியம் வாங்கினான் என்று ரமா சொல்லத் தொடங்கினாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதேங்கோம்மா” என்றாள் சுப்ரியா. பணிவாகத்தான் சொன்னாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கு இடையே நடந்து, தெருவுக்கு இறங்கினாள்.

யாரிடம் போவது என்று தெரியாமல் ரமா வட்டக் கண்ணாடியருகே நின்றாள். பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவனுடைய முதுகு குலுங்குவது தெரிந்தது. வெளியே, கஸ்தூரிரங்கனின் கார் இன்னும் புறப்படவில்லை. சுப்ரியா அதன் அருகே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். குனிந்து, மூக்கையும் நாக்கையும் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் மெல்லத் திரும்பி, அடுக்களை இருக்கும் திசையை நெடுநேரம் பார்த்தார்.

பிறகு காரின் பின்கதவு திறந்தது. சுப்ரியா ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் உள்ளே ஏறி அமர்ந்தாள்.